கோட்டம் எடுத்தவர்

இரண்டாம் உலகப் போர் விமானங்கள் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு உடனே வரும் பெயர்கள் சில உண்டு. ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், மஸ்டாங், ஜீரோ. வீடியோ கேமில் ஓட்டியிருப்போம், படத்தில் பார்த்திருப்போம். டைகர் மாத் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் யோசிப்பார். ஸ்பிட்ஃபயர் ஓட்டிய பையன்களில் மிகப் பலர் முதலில் பறக்கப் படித்தது இதில்தான் என்று விளக்கினால், "ஓ, டிரைனிங் பிளேனா" என்பார். அந்த "ஓ"வோடு அவருடைய ஆர்வம் முடிந்துவிடும்.

டி ஹாவிலாண்ட் டைகர் மாத் முதன்முதலில் பறந்தது 26 அக்டோபர் 1931. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். உடல் இரும்புக் குழாய்ச் சட்டம், இறக்கைகள் மரச்சட்டம், எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துப் போர்த்திய துணி. ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தவெளியில் இரண்டு இருக்கைகள். முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர். 130 குதிரைத்திறன் எஞ்சின். முழு வேகத்தில் போனாலும் மணிக்கு 175 கிலோமீட்டரைத் தாண்டாது. பிரேக் கிடையாது. வாலுக்குக் கீழே சக்கரத்துக்குப் பதில் தரையில் இழுபடும் ஒரு கட்டை. ஆசிரியர் பேசுவது மாணவருக்குக் கேட்க ஒரு ரப்பர் குழாய். கிட்டத்தட்ட டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி. ஸ்டார்ட் செய்ய யாராவது முன்னால் நின்று கையால் புரொப்பெல்லரைச் சுழற்றிவிட வேண்டும். எட்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். பிரிட்டனில் மோரிஸ் கார் கம்பெனி மட்டும் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு.

இந்த விமானத்தை நான் எட்டு மாதமாக 1/48 அளவில் கட்டிக்கொண்டிருந்தேன். நிஜத்தில் இறக்கையின் முழு அகலம் 8.94 மீட்டர். என் மேசையில் அது 18.6 சென்டிமீட்டர். ஒரு அடி ஸ்கேலில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம், ஞாயிறுகளில் இரண்டு மூன்று மணி நேரம். "பொம்மைக்கு எட்டு மாசமா?" என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்: பொம்மைக்கு ஒரு மாசம், கம்பிக்கு ஏழு மாசம்.

*

எனக்கும் இந்த விமானத்துக்கும் உள்ள உறவு ஒரு புகைப்படம். உள்ளங்கை அகலம், ஓரங்களை ரம்பப் பல் மாதிரி வெட்டிய பழைய படம். கோவில்பட்டியில் அத்தை வீட்டு முன்னறையில், சாமி படங்களுக்கு ஒரு சாண் தள்ளி மாட்டியிருக்கிறது. காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒல்லியான பையன். தலைக்கு மேலே இறக்கை, பின்னால் பாதி விமானம். ஒரு கையைத் தூக்கி எதையோ பிடித்திருக்கிறான். படத்தின் பின்புறம் நீல மையில் 'பேகம்பேட்' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

அது அப்பாவின் அப்பா. 1987இல் இறந்துபோனார். அடுத்த வருடம் நான் பிறந்தேன். அதனால் எனக்கு அவர் எப்போதும் மற்றவர்கள் சொல்லிக் கேட்ட ஆள்தான்.

ஊர் சொன்ன கதை சுருக்கமானது. சண்டைக்காலத்தில் பைலட்டாக இருந்தார். சண்டை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார். மெயின் ரோட்டில் ஒரு சைக்கிள் கடை போட்டார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராயில். கடைக்குப் போர்டு கிடையாது. ஆனால் ஊரில் அதற்கு 'பைலட் கடை' என்றுதான் பேர். அத்தை பள்ளிக்கூடத்தில் 'பைலட் மக'. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில், ஒரே பாவாடையை மூன்று வருஷம் போட்டுக்கொண்டு தலை நிமிர்ந்து போய்வர அந்தப் பட்டம் அவளுக்கு உதவியிருக்கிறது. இன்றைக்கும் அத்தை யாரிடமாவது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் மூன்றாவது வாக்கியத்தில் ஏரோப்ளேன் வந்துவிடும்.

சொந்தக்காரர்கள் சொன்ன கதையும் இதேதான், கொஞ்சம் வேறு குரலில். "பிளேன் ஓட்டினவரு கடைசில பஞ்சர் ஒட்டினாரு." கல்யாண வீட்டுப் பந்தியில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு நெடிலுக்கும் குறிலுக்கும் நடுவில் ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அப்பா அப்போதெல்லாம் எதுவும் பேச மாட்டார். இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

*

மாடல் கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியைத் திறந்ததும் பசையை எடுக்க மாட்டோம். முதலில் படத்தைப் பார்ப்போம். எந்தத் தளம், எந்த வருஷம், என்ன நிறம். கிட்டோடு வரும் நிறக்குறிப்பு ஏதோ ஒரு இங்கிலாந்து விமானத்துக்கானது. எனக்கு வேண்டியது பேகம்பேட்டில் நின்ற அந்த ஒன்று.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தேடுவது தனி வித்தை. அந்தக் காலத்து ஃபிலிம்களில் ஒரு வகை சிவப்பைப் பார்க்கவே பார்க்காது. சிவப்பு கறுப்பாக விழும். மஞ்சளும் எதிர்பார்ப்பதைவிட இருட்டாக விழும். நீலம் வெளுத்துப் போகும். இன்னொரு வகை ஃபிலிமில் மஞ்சள் வெளிச்சமாகவே தெரியும். ஆக, படத்தில் ஓரிடம் கறுப்பாக இருக்கிறது என்பதாலேயே அது கறுப்பு என்று சொல்லிவிட முடியாது.

தாத்தாவுக்குப் பின்னால் விமானத்தின் பக்கவாட்டில் வட்டச் சின்னம் தெரிகிறது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டத்தில் நடுப்பொட்டு சிவப்பு. ஆனால் ஜப்பானிய விமானங்களின் சின்னமும் சிவப்பு வட்டம். பதற்றத்தில் சொந்த விமானத்தையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, இந்தியாவிலும் பர்மா முனையிலும் 1943 வாக்கில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தின் இரண்டு சாயல்களை மட்டும் வைத்தார்கள். எங்கள் படத்தில் நடுப்பொட்டு கறுப்பாக இல்லை, வெளுப்பாக இருக்கிறது. படம் எடுத்தபோது அந்த மாற்றம் வந்துவிட்டது. தாத்தாவுக்கு அப்போது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ வயது.

மேலே பச்சையும் மண் நிறமும், கீழ்ப்பகுதி மஞ்சள். பயிற்சி விமானங்களுக்கு அந்த மஞ்சள் ஒரு எச்சரிக்கை. நம்மூர்க் காரில் 'எல்' போர்டு மாட்டுவது மாதிரி, 'புதுசா படிக்கிற பையன் வரான், தள்ளிப் போங்க' என்று வானத்தில் இருக்கும் மற்றவர்களுக்குச் சொல்வது. அத்தையிடம் போனில் மஞ்சள் என்று சொன்னேன். "ஸ்கூல் பஸ் மாதிரியா?" என்றாள். குரலில் லேசான ஏமாற்றம். "அதே காரணந்தான் அத்தை, பிள்ளைங்க இருக்காங்கன்னு தெரியணும்ல" என்றேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்த விமானத்தின் இறக்கைகள் பின்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். அழகுக்கு என்றுதான் தோன்றும். காரணம் பாராசூட். இதற்கு முந்தைய ஜிப்சி மாத் விமானத்தில் மேல் இறக்கையைத் தாங்கும் தூண்கள் முன் இருக்கையைச் சுற்றி நின்றன. முதுகில் பாராசூட் கட்டிய ஆசிரியர் அவசரத்துக்கு அந்தத் தூண்களுக்கு நடுவிலிருந்து வெளியே குதிக்க முடியாது. அதனால் மேல் இறக்கையை முன்னால் நகர்த்தினார்கள். நகர்த்தியதும் எடைக்கும் தூக்குவிசைக்கும் இருந்த சமநிலை கெட்டது. அதைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். ஒரு ஆள் தப்பிப்பதற்கு வழிவிட்டதில் வந்தது அந்தச் சாய்வு.

மேல் இறக்கையைப் பொருத்துவதுதான் எந்த இரட்டை இறக்கை மாடலிலும் கண்டம். சின்னத் தூண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கோணத்தில் உட்கார வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினால் விமானம் முழுக்கக் கோணிக்கொள்ளும். தீப்பெட்டிகளை அடுக்கி, இடையில் அட்டை செருகி, இறக்கையை அதன்மேல் படுக்கவைத்துப் பசை காயும்வரை இரண்டு நாள் தொடாமல் விட்டேன். கோவில்பட்டிக்காரன் வீட்டில் தீப்பெட்டிக்கா பஞ்சம்.

*

அப்புறம் கம்பிகள்.

துணி போர்த்திய மர இறக்கை தன் பலத்தில் நிற்காது. இரண்டு இறக்கைகளையும் உடலையும் குறுக்கு நெடுக்காக எஃகுக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். அதில் இரண்டு முக்கிய வகை. விமானம் தரையில் நிற்கும்போது இறக்கைகள் தம் எடையால் கீழே தொங்கப் பார்க்கும். அதைத் தாங்குபவை இறங்கு கம்பிகள். மேலே போனதும் கதை தலைகீழ். காற்று இறக்கைகளை மேல்நோக்கித் தூக்கும், விமானத்தின் மொத்த எடையும் இறக்கையில் தொங்கும். அப்போது பாரத்தைத் தாங்குபவை பறப்புக் கம்பிகள். தரையில் ஒரு கூட்டம் வேலை செய்யும், வானத்தில் இன்னொரு கூட்டம்.

இந்தக் கம்பிகள் நாம் நினைப்பதுபோல உருண்டையானவை அல்ல. காற்றைக் கிழிக்கும்படி வேப்பிலை மாதிரித் தட்டையாக இருக்கும். ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. கம்பியைத் திருகினால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உள்ளே போய் இறுகும். முனை உட்காரும் கவட்டையில் ஒரு பொடித் துளை இருக்கும். அதற்குள் மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்துப் பார்ப்பார்கள். நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டால் மரை போதுமான அளவு உள்ளே போகவில்லை என்று அர்த்தம். நுழையாமல் தடுக்க வேண்டும், அப்போதுதான் சரி. இறக்கையின் கோணம் பார்க்க ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல். நம்மூர்க் கொத்தனார் கையில் இருக்கும் அதே சாமான்கள்தான். எல்லாம் அளந்து முடித்தபிறகு கடைசியாகக் கைதான் அளவு. கம்பியைத் தொட்டு, அமுக்கி, இதுக்கும் அதுக்கும் ஒரே இழுவை இருக்கிறதா என்று பார்ப்பது. அந்த வேலை செய்கிறவருக்குப் பெயர் ரிக்கர்.

படத்தைப் பெரிதாக்கிக் கணினியில் பார்த்தால் தாத்தாவின் தூக்கிய கை தெளிவாகத் தெரிகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கோடு. அவர் பிடித்திருப்பது கம்பியை. தலையில் தோல் தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை, பாராசூட் வார் இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். அவர் எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். தாத்தாவைப் படையிலிருந்து விடுவித்த 1946ஆம் வருடத்துத் தாள். மடித்த இடங்கள் இற்றுப்போய், செல்லோடேப் மஞ்சளாகியிருந்தது. தொழில் என்ற கட்டத்தில் 'ஃப்ளைட் மெக்கானிக்' என்று தட்டச்சு செய்து, பக்கத்தில் ஒற்றை எழுத்து 'ஏ'. ஏர்ஃபிரேமுக்கான ஏ. அதாவது எஞ்சின் தவிர்த்த உடலும் இறக்கையும் கம்பியும். முதல் சொல்லை மட்டும் வாசித்தால் ஊருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும். பத்து வயசுல கடையில நிக்கும்போதே தெரியும்."

"அவரு யார்ட்டயும் சொன்னதில்லையா?"

"பைலட்டான்னு கேட்டா ஆமான்னும் சொன்னதில்ல, இல்லைன்னும் சொன்னதில்ல. ஏர்போர்ஸ்ல இருந்தேன்னு மட்டும் சொல்லுவாரு. மிச்சத்த அவங்களே வச்சிக்கிட்டாங்க."

*

சைக்கிள் சக்கரம் கோணிக்கொண்டால் கடையில் கோட்டம் எடுப்பார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டை பக்கத்தில் எங்கே உரசுகிறது என்று பார்த்து, அந்த இடத்து ஸ்போக்ஸ் கம்பியின் நிப்பிளை ஒரு கால் சுற்றோ அரைச் சுற்றோ திருகுவது. ஒன்றை இறுக்கினால் எதிர்ப்பக்கத்தில் ஒன்றைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஓரிடத்துக் கோணல் இன்னொரு இடத்துக்குப் போகும்.

தாத்தா கோட்டம் எடுப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வருவார்களாம். அப்பா சொன்னார். "கண்ணால பாக்கவே மாட்டாரு. நகத்தால கம்பிய ஒண்ணொண்ணா சுண்டிக்கிட்டே வருவாரு. வீணைய மீட்டுற மாதிரி. சத்தம் மாறுற எடத்துல நிப்பாரு. அங்கதான் கோட்டம்." வீட்டில் துணி காயப்போடும் கம்பியையும் போகிறபோக்கில் சுண்டிப் பார்ப்பாராம். தொய்ந்திருந்தால் அங்கேயே நின்று இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஒருநாள் அத்தை நெயில்பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "யாரு டோப் அடிக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். விமானத்தின் துணி இறுகி விறைப்பாக நிற்க ஒரு கரைசலை மேலே பூசுவார்கள். அதற்குப் பெயர் டோப். நெயில்பாலிஷின் வாசனைதான் அதற்கும். அத்தைக்கு அந்தச் சொல் புரியவில்லை. திட்டுகிறார் என்று நினைத்து ஓடிவிட்டாளாம்.

சைக்கிள் சக்கரமும் இரட்டை இறக்கை விமானமும் ஒரே தத்துவத்தில் நிற்பவை. மெல்லிய கம்பியை முன்கூட்டியே இழுத்து இறுக்கிவைத்தால், எடை குறைவான ஒரு சட்டம் தன்னைவிடப் பல மடங்கு பாரத்தைத் தாங்கும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் தரைப்பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகளின் இழுவிசை குறையும். விமானம் மேலே போனதும் இறங்கு கம்பிகளின் இழுவிசை குறைவதைப் போல. இந்த உறவு பழையது. கம்பிகளின் இழுவிசையில் நிற்கும் சக்கரத்தை இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1808இல் யோசித்ததே தன் பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைவான சக்கரம் வேண்டும் என்பதற்காகத்தான். சைக்கிள் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துதான் அந்தச் சக்கரத்தை எடுத்துக்கொண்டது. 1903இல் முதலில் பறந்த ரைட் சகோதரர்கள் ஓஹையோவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களுடைய விமானத்தில் எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போனது செயின். சைக்கிள் கடையிலிருந்து விமானத்துக்குப் போனவர்களை உலகம் கொண்டாடுகிறது. விமானத்திலிருந்து சைக்கிள் கடைக்கு வந்தவரைப் பற்றித்தான் பந்தியில் சிரிக்கிறார்கள்.

ஏழு மாதம் கம்பி கட்டியபோது எனக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் பயன்படுத்தியது மீன்பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் தங்கூசி நரம்பில் ஆக மெல்லியது. 0.3 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டை விரலால் உருட்டி உருட்டி இறக்கையில் துளை போட வேண்டும். நரம்பை நுழைத்து, ஒரு பக்கம் பசை வைத்து, காய்ந்தபின் மறுபக்கம் இழுத்து ஒட்ட வேண்டும். ஒட்டியபின் தொய்வு இருந்தால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கங்கை நரம்புக்கு மிக அருகில், தொடாமல் கொண்டுபோனால் சூட்டில் நரம்பு சுருங்கி விண்ணென்று நிற்கும். ஒரு மயிரிழை நெருங்கினால் அறுந்துவிடும். வீட்டில் தினமும் ஊதுபத்தி மணந்தது. "புள்ளைக்கு பக்தி வந்துருச்சு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

போர்க்காலத்தில் இந்தியாவில் ஆரம்பப் பறத்தல் பயிற்சிக்கு இரண்டு பள்ளிகள் இருந்தன. ஒன்று ஹைதராபாத்தின் பேகம்பேட்டில், இன்னொன்று ஜோத்பூரில். பையன்கள் டைகர் மாத்தில் படித்து, தேறியவர்கள் அம்பாலாவுக்குப் போய் ஹார்வர்ட் என்ற பெரிய பயிற்சி விமானத்தில் ஏறுவார்கள். அங்கிருந்து படைப்பிரிவு, பர்மா. பத்து மணி நேரம் போல ஆசிரியரோடு பறந்தபிறகு ஒருநாள் ஆசிரியர் இறங்கிக்கொள்வார். மாணவன் பின் இருக்கையில் தனியாக. அந்த முதல் தனிப் பறத்தலை எந்த விமானியும் மறப்பதில்லை. விமானிகளின் நினைவுக்குறிப்புகளில் அதற்கு ஒரு அத்தியாயமே இருக்கும்.

அந்தக் காலையில் அவன் ஏறுவதற்கு முன்னால் ஒரு தாள் வரும். விமானப்படையில் அதற்கு ஃபார்ம் 700 என்று பெயர். எஞ்சினைப் பார்த்தவர் கையெழுத்துப் போட்டிருப்பார். இறக்கையையும் கம்பியையும் பார்த்தவர் கையெழுத்துப் போட்டிருப்பார். கடைசியில்தான் விமானியின் கையெழுத்து: ஒப்புக்கொண்டு எடுத்துச் செல்கிறேன் என்று. படிக்கிற பையன் தடாலென்று இறக்குவான், துள்ளுவான், பக்கவாட்டில் சறுக்குவான், ஒரே நாளில் பல தடவை. அத்தனை அடியும் கம்பிகளுக்குப் போகும். மறுநாள் காலையில் மறுபடி ஒருவர் கையை உயர்த்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். மறுபடி கையெழுத்து.

அப்பாவின் பள்ளி ராங்க் கார்டுகள் வீட்டில் இருக்கின்றன. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் தாத்தாவின் ஆங்கிலக் கையெழுத்து. சின்னதாக, கட்டத்தைத் தாண்டாமல், ஒவ்வொரு மாதமும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றேயாக. சைக்கிள் கடைக்காரருக்கு எதற்கு இப்படி ஒரு கையெழுத்து என்று முன்பு நினைத்ததுண்டு. இருபது வயதில் தினமும் காலையில் இன்னொருவர் உயிருக்குக் கீழே போட்டுப் பழகிய கையெழுத்து அது.

*

அத்தைக்கு மாடல் முடியப் போவது தெரிந்ததும் போன் வரத் தொடங்கியது.

"எய்யா, உள்ள ஆளு பொம்ம இருக்குல்ல?"

"இருக்கு அத்தை."

"பைலட் சீட்டுல தாத்தாவ உக்காத்திரு. மீச வச்சிரு. அந்த வயசுல மீச இருந்துச்சு அவருக்கு."

கிட்டுகளில் விமானி பொம்மை வரும். தரையில் நிற்கிறவர்கள் வேண்டுமென்றால் தனிப் பெட்டி வாங்க வேண்டும். அத்தைக்கு எழுபத்தாறு வயது. அவளுடைய பிள்ளைப்பருவத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே சொத்து அந்தப் பட்டம். அதை ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்து நான் பிடுங்க வேண்டுமா? மீசை வரைந்து உட்காரவைத்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அப்படி உட்காரவைத்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பையனை மறுபடியும் ஒருதரம் படத்திலிருந்து வெட்டி எடுக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் எனக்குச் செல்போன் டார்ச் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் கடைசி இறங்கு கம்பியை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தரம் ஏறியிருக்காரு" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"கம்பி எல்லாம் மாத்திக் கட்டுன பிளேனு. மொதல்ல ஓட்டிப் பாக்க ஒரு ஆபீசர் வந்தாராம். இவரப் பாத்து, நீ கட்டுனதுதானே, வா ஏறுன்னுட்டாராம். முன்சீட்டுல உக்காத்திட்டாங்க. மேல போனதும் இறங்கு கம்பி தொய்ஞ்சு நடுங்குச்சாம். கீழ நின்னு பாக்கும்போது அது இரும்புத் தடி கணக்கா நிக்கும். இவரு கையால இறுக்குனது. அது கண்ணு முன்னால ஆடுது. செத்தோம்னு நெனச்சாராம். பெறகுதான், மேல வந்தா அது தளரத்தானே செய்யும், பாரம் பூரா அடுத்த கம்பிக்குல்ல போயிருக்கும்னு புத்திக்கு எட்டுச்சாம். பாடத்துல படிச்சதுதான். ஆனா பாத்ததில்ல. அப்புறம் இறங்குற வரைக்கும் கீழ ஊரையே பாக்கலையாம். கம்பியையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்னாரு."

"இத ஏன்ப்பா இத்தன வருஷம் சொல்லல?"

"யாரு கேட்டா? எல்லாரும் ஓட்டுனதத்தான் கேட்டாங்க."

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. நான் ஊதுபத்தியைக் கொளுத்தினேன்.

இரண்டு இருக்கைகளையும் காலியாக விட்டேன். முன் இருக்கையின் பக்கக் கதவை மட்டும் கத்தியால் வெட்டியெடுத்து, கீல் மாதிரி மடக்கி, வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டேன். தரைப்பணியாளர் பொம்மை ஒன்றை வாங்கி, முழுக்கால் சட்டையை முழங்காலுக்கு மேல் அரம் போட்டு அரைக்கால் சட்டையாக்கினேன். வலது தோளை அறுத்து, கையை உயர்த்தி, இடைவெளியை மக்கு வைத்து அடைத்தேன். மீசை வைத்தேன். விரல்கள் கம்பியைத் தொடும்படி நிறுத்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

*

2012ஆம் வருட விமானப்படை நாளில், டெல்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் தளத்தின்மேல் ஒரு டைகர் மாத் பறந்தது. பழுதுபார்த்துப் புதுப்பித்த விமானம். அதன் வீடியோவைப் பயணத்தின்போது செல்போனில் அப்பாவுக்குக் காட்டினேன். ஜெட்டுகளின் அணிவகுப்பில் அது தும்பி மாதிரி வந்து போகிறது. அப்பா இரண்டு தரம் பார்த்தார். இரண்டாவது தரம் பாதியில் நிறுத்தி, விரலால் திரையைப் பெரிதாக்கி, இறக்கைகளுக்கு நடுவில் எதையோ தேடினார். கம்பி தெரியவில்லை. வீடியோவின் தரம் அவ்வளவுதான்.

மாடலைத் தெர்மகோலுக்குள் வைத்து மடியிலேயே வைத்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனோம். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். முதலில் உள்ளேதான் பார்த்தாள்.

"சீட்டு காலியா கெடக்கு?"

"வெளிய நிக்காரு பாருங்க அத்தை."

குனிந்து பார்த்தாள். எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றி எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தூக்கிய கை, மீசை, அரைக்கால் சட்டை. ஒன்றும் பேசவில்லை. அப்பாதான் பேசினார். மெக்கானிக் என்ற தாளைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி, கடைசியில் முன்சீட்டைப் பற்றி. அக்கா தம்பி மாதிரி இல்லாமல், ஏதோ ஆபீஸில் தகவல் சொல்வது மாதிரிச் சொன்னார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் விமானத்தைப் பார்த்தே சொன்னார்.

அத்தை வெகுநேரம் கழித்துக் கேட்டது எனக்கு எதிர்பாராத கேள்வி.

"மேல போயி பயந்துட்டாரா?"

"செத்தோம்னே நெனச்சாராம்."

"எங்கப்பா பயந்து நான் பாத்ததே இல்லையே" என்றாள். சிரித்தாள். அப்புறம் சேலைத் தலைப்பால் கண்ணாடிக்குக் கீழே துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் பந்து எடுக்க வந்தவன் மாடலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். ஏழெட்டு வயது இருக்கும். "பாட்டி, இவருதான் பைலட்டா?" என்று பொம்மையைக் காட்டிக் கேட்டான். நானும் அப்பாவும் அத்தையைப் பார்த்தோம்.

"பைலட் இன்னும் வரலடா" என்றாள் அத்தை. "இவரு தொட்டுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் அவன் ஏறவே முடியும்."